மாலை வகுப்பு கொண்டுவந்த மலர் வளையம்

உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு மலர் வளையம் கொண்டுபோன மகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்த மகள் நான்தான். அதுவும் தனியாகப் போகவில்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள், வேனின் முன்னால் வெள்ளைக் கொடி, அப்பாவின் படம் போட்ட பெனர், இரங்கல் உரையோடு ஒரு விரிவுரையாளர் என்று சகல மரியாதைகளோடும் போனேன். (அரைகுறையாக எதையும் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.) இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது சிரித்துச் சிரித்துப் புரையேறினால் அதற்குப் பெரும்பாலும் இந்தக் கதைதான் காரணம். சிரித்து முடித்ததும் எல்லோரும் முன்னறைச் சுவரைப் பார்ப்போம். அதற்கும் இந்தக் கதைதான் காரணம்.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருக்கிறது. அப்பா செல்லமுத்துவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அம்மா கொழுந்தெடுத்தாள். நான் உயர்தரம் பாஸ் பண்ணியவள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற வெட்டுப்புள்ளி எனக்கு ஒரு மயிரிழை முன்னால் வந்து நின்றுவிட்டது. (அந்த மயிரிழையை நினைத்து நான் விட்ட கண்ணீரில் ஒரு தேயிலை நாற்றுமேடைக்கே தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.) அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சேலை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பல்கலைக்கழகம் வேலை செய்கிறவர்களுக்காக மாலை நேரத்தில் பட்டப்படிப்பு வகுப்பு நடத்துகிறது என்று தெரியவந்தது.

பகல் பிள்ளைகள் போன பிறகு அதே அறையில்தான் எங்கள் வகுப்பு. அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளின் சூடு ஆறுவதற்குள் நாங்கள் போய் உட்கார்ந்துவிடுவோம். அவர்களுக்குக் கனவு இருந்தது, எங்களுக்கு முதுகுவலி இருந்தது. என் பக்கத்தில் உட்காருகிற சுமனா அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. சிங்களப் பெண், ஆனால் பத்து வார்த்தையில் எட்டைத் தமிழில் சொல்லிவிடுவார். முன் வரிசையில் பாயிஸ் நானா. இரும்புச் சாமான் கடைக்காரர், பேரப்பிள்ளை கண்டவர். இளமையில் படிக்க முடியாமல் போன ஆத்திரத்தை இப்போது கேள்வி கேட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பாடம் எடுத்த சேர்தான் அந்த அறையிலேயே ஆகச் சின்னப் பையன். பாயிஸ் நானா கை தூக்கினாலே அவருக்கு வியர்க்கும்.

சேர்ந்த அன்று எனக்கு மாணவர் அடையாள அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டுகிற பட்டியோடு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை அப்பாவின் கழுத்தில் மாட்டிப் போனில் ஒரு படம் எடுத்தேன். பெனியனும், கழுத்தில் பல்கலைக்கழக அட்டையும், முன் பல் விழுந்த சிரிப்புமாக அப்பா. அவர் வாயைத் திறந்து சிரித்த ஒரே படம் அதுதான். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கிற தோட்டத்துக் காம்பரா வீடுகளில், பிரச்சினை வேறு மாதிரி. படிப்பு என்றால் காலையில் வெள்ளை உடுத்திக்கொண்டு போகிற விஷயம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு குமரிப்பெண் டவுனில் இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, "கெம்பஸுக்குப் போயிட்டு வாறேன்" என்றால் யார் நம்புவார்கள்? முதலில் குழாயடியில் பேசினார்கள். பிறகு பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற நேரத்தில், அம்மாவின் காதுபடவே பேசினார்கள். கடைசியில் அந்தப் பேச்சைத் தலைவர் எடுத்துக்கொண்டார். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர், தானாக வந்து சேர்ந்த இன்னும் பல விஷயங்களுக்கும் அவரே தலைவர்.

"செல்லமுத்து, இருட்டுன பொறகு எந்தக் கெம்பஸ்யா தொறந்திருக்கு? சாராயக்கடதான் தொறந்திருக்கும்" என்று அப்பாவிடம் கேட்டாராம்.

"இருக்குங்க தலைவரே. வேல செய்யிறவங்களுக்குன்னு வச்சிருக்காங்க."

"நீ பாத்தியா?"

அப்பா பார்க்கவில்லை. நான் சொன்னதை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் ஊரோடு மல்லுக்கு நின்றார். தலைவருக்குக் கொழும்பில் ஒரு மச்சான் இருந்தார். தை பிறப்பதற்குள் படிப்பை நிறுத்தி என்னை அந்த மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தால் பேச்சு அடங்கும் என்று ஒரு யோசனையும் வந்தது. (மச்சானுக்கு என்னைவிட அம்மாவின் வயதுதான் கிட்ட.) அம்மா பயந்துபோனாள். "பேசாம நிறுத்திரலாம்ங்க, புள்ள பேரு கெட்டுப்போச்சுன்னா யாரு வந்து கட்டுவா" என்று அழுதாள். அப்பா முடியாது என்றார். ஆனால் நான் எங்கே போகிறேன் என்பதற்கு அவரிடம் சாட்சி என்று ஒன்றும் இல்லை. நாள் கூடக்கூட அவருடைய குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

அதனால் அவர் ஒரு வேலை செய்தார். நான் பஸ்ஸில் வந்து இறங்குகிற சந்திக்குத் தினமும் டோர்ச் லைட்டோடு வந்து நிற்பார். பெட்டரி தீர்ந்துவிடும் என்று இருட்டிலேயே நிற்பார். பஸ் நின்றதும் ஒரே ஒரு தடவை அடித்து அணைப்பார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் படியிலிருந்து காலை எடுப்பேன்.

இனி விபரீதத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாவை நாங்கள் போனில் சொல்லமாட்டோம். தூரத்தில் இருக்கிற பிள்ளை கேட்ட இடத்திலேயே மயங்கி விழுந்துவிடும், பஸ்ஸில் தனியாக அழுதுகொண்டு வரும் என்ற பயம். அதனால் எதையாவது சொல்லி வரவழைத்து, லயத்து முனையில் வைத்துத்தான் உடைப்போம். எங்கள் பெரியப்பா செத்தபோது, கொழும்பில் கடையில் நின்ற அவருடைய மகனிடம் "கோயில் திருவிழா வச்சிருக்கோம், வந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்பும் கையுமாக வந்து இறங்கினான். அந்தப் பெட்டியை வாங்கிக்கொள்ள யாருக்கும் கை நீளவில்லை. ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு தெரியும். போனில் நோயின் பெயரைச் சொன்னால் ஆள் பிழைத்துக்கொள்வார். விஷயத்தைச் சொல்லாமல் வா வா என்று மட்டும் கூப்பிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு சேர் தொடர்பாடல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு செய்தியைக் குழப்பமில்லாமல் அடுத்தவருக்குச் சொல்வது எப்படி என்பது தலைப்பு. (சத்தியமாக அதுதான் தலைப்பு.) ராசு சித்தப்பாவின் போன் வந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, கோயில் பாறை மேல் ஏறினால்தான் பேசலாம். நேரங்கெட்ட நேரத்தில் சித்தப்பா பாறை ஏறியிருக்கிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. வராந்தாவுக்கு ஓடினேன்.

"யோகா, நீ கெளம்பி வாம்மா" என்றார். மூச்சு வாங்கியது.

"என்ன சித்தப்பா?"

"ஒன்னுமில்ல. நீ வா."

"அப்பா எங்க?"

"அப்பா இங்கதான் படுத்திருக்காரு. நீ பதறாம வந்து சேரு" என்றதும் லைன் அறுந்துபோனது.

எங்கள் அப்பா பொழுதோடு படுத்து நான் பார்த்ததே இல்லை. திரும்ப எடுத்தேன், போகவில்லை. தலைவருடைய போன் விலை கூடியது, அதற்கு மட்டும் லயத்து வாசலிலும் சில நேரம் சிக்னல் வரும். அவருக்கு எடுத்தேன். "யாரு, யோகாவா? இங்க ஒரே கூட்டமா இருக்கும்மா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். பின்னால் பொம்பளைகளின் அழுகைச் சத்தம் கேட்டது, அதில் அம்மாவின் குரலும் இருந்தது.

அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? வகுப்பு வாசலில் வந்து நின்று, "எங்கப்பா போயிட்டாரு" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கேதான் மாலை வகுப்பின் மகிமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பகல் பிள்ளைகளாக இருந்திருந்தால் என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், ஒருத்தி தண்ணீர் கொடுத்திருப்பாள், அதோடு விஷயம் முடிந்திருக்கும். எங்கள் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் குடும்பஸ்தர்கள். தாயைத் தகப்பனைப் புதைத்தவர்கள், எத்தனையோ சாவு வீடுகளை நடத்தி முடித்தவர்கள். பாயிஸ் நானா எழும்பிய வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"புள்ள, நீங்க அழாதீங்க. அல்லாட நாட்டம். மிச்சத்த நாங்க பாத்துக்கொள்றோம்."

பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வேனுக்குச் சொன்னார், ஒருவர் மலர் வளையத்துக்கு ஓடினார். பெனர் அடிக்கிற கடைக்காரர் பாயிஸ் நானாவின் உறவு. "வாப்பாட படம் ஒண்டு ஈக்கா?" என்று நானா என்னிடம் கேட்டார். போனை அப்படியே நீட்டினேன். அவர்கள் அரை மணி நேரத்தில் செய்து முடித்ததை எங்கள் கோயில் கமிட்டி செய்திருந்தால் மூன்று கூட்டம் போட்டிருக்கும். இவ்வளவு நடந்தும் ஒருவர்கூட என்னிடம், "நிச்சயமாக இறந்துவிட்டாரா?" என்று கேட்கவில்லை. அழுகிற மகளிடம் அப்படிக் கேட்பது தமிழருக்கும் மரியாதை இல்லை, முஸ்லிம்களுக்கும் இல்லை, சிங்களவருக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் வகுப்பு முழுக்க ஒற்றுமையாக இருந்தது.

வேனில் சேர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதெல்லாம் புதிது. "வகுப்பு சார்பில் நான் ரெண்டு வார்த்தை பேச வேண்டுமாம். அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள், மிஸ்" என்று மெதுவாகக் கேட்டார். நான் அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தியில் நிற்பதை, பெட்டரிக்காக இருட்டில் நிற்பதை, பார்க்காத ஒரு வகுப்புக்காக ஊரோடு சண்டை போட்டதை எல்லாம் சொன்னேன். அப்பாவிடம் ஒரு நாளாவது நன்றி என்று சொல்லியிருப்பேனா என்று தேடிப் பார்த்தேன். சொன்னதாக ஞாபகம் இல்லை. குளிர்கிறது, பசிக்கிறது, இந்தப் பையைப் பிடியுங்கள் என்றுதான் தினமும் சொல்லியிருக்கிறேன்.

வேன் சந்தியில் திரும்பியது. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தேன். வெளிச்சம் அடிக்கவில்லை. அதுவரைக்கும் மனதின் ஒரு மூலையில் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது, அந்த இருட்டைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. நான் வாய்விட்டு அலறினேன். சுமனா அக்கா என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

லயத்துக்கு முன்னால் கூட்டம் இருந்தது. வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்தேன். வெள்ளைக் கொடியைக் கண்டதும் ஆட்கள் எழும்பி ஒதுங்கினார்கள். பெனியன் போட்ட ஒருவர் மட்டும், தலையில் கட்டியிருந்த துண்டை அவசரமாக அவிழ்த்து, சாவுக்கு மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சரியாக எங்கள் வாசலை மறித்தபடி நின்றார். "வழிய விடுங்க!" என்று அவர் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, "அப்பா!" என்று அலறிக்கொண்டு காம்பராவுக்குள் ஓடினேன்.

உள்ளே பாய் காலியாக இருந்தது. அம்மா அடுப்படியில் கொத்தமல்லி இடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"வெளியிலதான நிக்கிறாரு. நீதான இப்ப தள்ளிவிட்டுட்டு வாற" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரும்மா செத்தது?" என்று கேட்டார்.

(நான் செத்திருக்கலாம். அந்த நிமிடத்தில் எனக்கு வேறு விருப்பமே இருக்கவில்லை.)

நடந்தது இதுதான். வேலை முடிந்து கோயில் வாசலில் திருவிழா நடத்துவது பற்றிக் கமிட்டிக் கூட்டம். தலைவர் எல்லோருக்கும் முன்னால் என் கதையை எடுத்திருக்கிறார். "பேரு கெட்ட குடும்பத்துக்கிட்ட கோயிலுக்கு வரி வாங்கலாமான்னு யோசிக்கணும்" என்றாராம். அப்பா எழும்பிச் சத்தம்போட்டவர் அப்படியே மயங்கி விழுந்துவிட்டார். தூக்கிவந்து படுக்கப்போட்டதும் சித்தப்பா பாறைக்கு ஓடியிருக்கிறார். உள்ளதைச் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்து "ஒன்னுமில்ல" என்று சொல்லியிருக்கிறார். அவர் பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள் அப்பா எழும்பி உட்கார்ந்துவிட்டார். அதைச் சொல்ல மறுபடி பாறை ஏற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் எனக்கே அப்போது தெரியாது, வேனில் வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் முறைப்படி வரிசையாக இறங்கிவிட்டார்கள். முன்னால் மலர் வளையம். பின்னால் பாயிஸ் நானாவும் சேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பெனரை விரித்தபடி வந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் "ஆழ்ந்த அனுதாபங்கள் – அமரர் சி. செல்லமுத்து". நடுவில் பெனியனும் பல்கலைக்கழக அட்டையும் பொக்கைச் சிரிப்புமாக அப்பா. கீழே பல்கலைக்கழகத்தின் பெயரும், "மாலை நேர வகுப்பு மாணவர்கள், விரிவுரையாளர்கள்" என்ற வரியும். அதைப் பிடித்துக்கொண்டிருந்த பாயிஸ் நானா படத்தைப் பார்த்தார். எதிரில் நின்ற ஆளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அவருடைய கேள்வி கேட்கிற வாய் முதல்முறையாகத் திறந்தபடியே நின்றது.

அப்பா பெனருக்குக் கிட்டப் போய் விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். மேல் வரியை வாசித்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கீழ் வரிக்கு வந்ததும் விரல் நின்றது. அதையே இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் ஆளைத் தேடினார்.

"தலைவரே, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அடியில என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் சத்தமா வாசிங்க."

தலைவர் வாசித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரை வாசித்தார். மாலை நேர வகுப்பு என்று வாசித்தார்.

"கெம்பஸ் இருக்குங்களா, இல்லீங்களா?"

"இருக்குப்பா" என்றார் தலைவர்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரித்தவர்கள் அழுதார்கள், அழுதவர்கள் சிரித்தார்கள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "கெம்பஸ்ல இருந்து வந்திருக்காங்க, பிளேன்டீ போடு" என்றார். நான் அடுப்படி மூலையில் பாவாடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே மறு கையால் அப்பாவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். செத்ததாகப் பேச்சு வந்த ஆளுக்கு ஆயுசு கூடும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது.

சேர் மட்டும் கையில் பேச்சை வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தார். அப்பா அதையும் பார்த்துவிட்டார். "எழுதிக் கொண்டாந்தத வீணாக்காதீங்க சேர், பேசிருங்க" என்றார். சேர் தாளைப் பிரித்துப் பேசினார். நான் வேனில் சொன்னதெல்லாம் அவர் வாயால் வந்தது. சந்தியில் இருட்டில் நிற்கிற ஒரு தகப்பன், பஸ் நின்றதும் ஒரே தடவை அடிக்கிற ஒரு வெளிச்சம், அதைப் பார்த்தபிறகே காலை எடுக்கிற ஒரு மகள். எங்கள் வீடுகளில் இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆள் போன பிறகு அழுகையில் சொல்வதுதான் வழக்கம். எங்கள் அப்பா மட்டும் அதை உயிரோடு இருந்து கேட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார்.

சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் சுமனா அக்கா. எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார். வீங்கியிருந்த காலை அமுக்கிப் பார்த்தார். "அப்பா, நாளைக்கி கிளினிக் வரணும். கட்டாயம் வரணும்" என்றார். போகும்போது தங்கச்சி என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டு, "நங்கி, ஹார்ட்" என்று மட்டும் சொன்னார்.

மலர் வளையத்தை வீட்டுக்குள் எடுக்க அம்மா விடவில்லை. வெளியில் கிடந்ததைத் தலைவர் வீட்டு ஆடு விடிவதற்குள் தின்று தீர்த்தது. பெனரைத் தூக்கிப்போட அப்பா விடவில்லை. அனுதாபமும் அமரரும் இருந்த மேல் பகுதியைப் பின்பக்கமாக மடித்து, தன் படமும் கீழ் வரியும் மட்டும் தெரிகிற மாதிரி காம்பராச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். யார் வந்தாலும் அதற்கு நேரே உட்காரவைத்துத்தான் பேசுவார். மச்சான் கல்யாணப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற பொறுப்பைச் சுமனா அக்கா எடுத்துக்கொண்டார். கிளினிக் நாளில் அப்பா காலையிலேயே பதுளைக்கு வந்துவிடுவார். மருந்தெடுத்துக்கொண்டு என் கடைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் எங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்காருவார். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். ஒரு நாள் சேர் விளையாட்டாக, "அப்பா, தொடர்பாடலில் முக்கியமானது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார்.

அப்பா எழும்பி நின்று பதில் சொன்னார். "போன எடுத்தா மொதல்ல, யாரும் சாகலன்னு சொல்லிப்புடணுங்க சேர். அதுக்குப் பொறகு என்னா வேணாலும் பேசிக்கலாம்."

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து அது எங்கள் குடும்பச் சட்டமாகிவிட்டது. யார் யாருக்குப் பேசினாலும் முதல் வார்த்தை அதுதான். "யாரும் சாகல, வரும்போது கருவாடு வாங்கிட்டு வா" என்பாள் அம்மா. பாறை மேல் நின்றுகொண்டு, "யாரும் சாகல யோகா, மழ பிடிச்சிருக்கு, கொட எடுத்துக்க" என்று கத்துவார் சித்தப்பா. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கடைசி வருடப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், அதே வகுப்பில் இருக்கும்போது சித்தப்பாவின் போன் வந்தது. அதே வராந்தாவுக்குப் போனேன்.

"சொல்லுங்க சித்தப்பா."

பாறை மேல் அடிக்கிற காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"சித்தப்பா, மொதல்ல அதச் சொல்லுங்க."

"யோகா" என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

"சித்தப்பா, சொல்லுங்க சித்தப்பா. சும்மாவாவது சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அந்த முனையில் அவர் விம்மி விம்மி அழுகிற சத்தம் வந்தது.

வகுப்பு வாசலில் வந்து நின்றேன். இந்தத் தடவை யாரும் மரியாதை பார்க்கவில்லை. "புள்ள, சரியாக் கேட்டீங்களா? நல்லாக் கேட்டீங்களா?" என்று பாயிஸ் நானா திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் இருந்தது. எல்லோருடைய முகத்திலும் இருந்தது. கேட்டேன் நானா என்றேன்.

அதே வேன்தான் வந்தது. சந்தியில் திரும்பும்போது நான் கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. பெனர் அடிக்கவா என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் உள்ளே போனபோது அம்மா ஸ்டூலில் ஏறி நின்று ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் மடித்திருந்த பகுதியை மெதுவாகப் பிரித்து, மடிப்பு போகக் கையால் நீவி நீவிவிட்டாள். அது போகவே இல்லை. அமரர் என்ற எழுத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதை லயத்து முகப்பில் கட்டினோம். சேர் மறுபடியும் பேசினார். அதே பேச்சைத்தான் பேசினார். அதைவிட நல்லது தன்னிடம் இல்லை என்றார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா பெனரைப் பழையபடி மடித்துவிட்டாள். பட்டம் வாங்கி, பதுளையில் வீடு எடுத்து, அம்மாவைக் கூட்டிவந்தபோது அதுவும் கூட வந்தது. இன்றும் எங்கள் முன்னறைச் சுவரில் அப்படியே மடித்தபடி தொங்குகிறது. அம்மா இன்றும் என் அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், "யாரும் சாகல" என்றுதான் ஆரம்பிக்கிறாள். நான் சிரித்துவிட்டு, சரி சொல்லும்மா என்பேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கிற படத்தைப் பார்ப்பார்கள். பெனியன், பொக்கைச் சிரிப்பு, கழுத்தில் பல்கலைக்கழக அட்டை, கீழே மாலை நேர வகுப்பு மாணவர்கள் என்ற வரி. "உங்கப்பாவும் கெம்பஸ் போனவரா?" என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள்.

"ஆமாங்க, மாலை வகுப்பு" என்று சொல்வேன்.